ஜாம் பாட்டிலில் வள்ளிக்கொடி

சர்க்கரைவள்ளிக்கிழங்கை யாரும் விதை போட்டுப் பயிர் செய்வதில்லை. கொடியை வெட்டித்தான் நடுவார்கள். ஒரு முழம் கொடி போதும். நடுப்பகுதியை மண்ணுக்குள் அழுத்தி இரண்டு முனையையும் வெளியே விட்டால் பிடித்துக்கொள்ளும். கிழங்கு தோண்டுகிற அன்று கொடி முழுவதையும் அறுத்து வரப்பில் எறிவார்கள். மாடு தின்றது போக மீதி வெயிலில் கருகும். நடவுக்குக் கொடி வேண்டும் என்று யார் வந்து நின்றாலும், தலைச்சுமையாகக் கட்டிக்கொண்டு போகச் சொல்வார்கள். திருவிடந்தைப் பக்கத்தில் கால்வாயை ஒட்டிய எங்கள் ஊர்களில் கொடிக்கு விலை சொல்லி நான் கேட்டதில்லை. இல்லை என்று சொல்லியும் கேட்டதில்லை, என் நைனா போய்க் கேட்கும்வரை.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. நான் செங்கல்பட்டில் கல்லூரியில் தாவரவியல் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போனவர்கள் யாரும் இல்லை. அந்தப் பெருமை எனக்கு அப்போதும் உண்டு, இப்போதும் உண்டு. அதை அடக்கமாக வைத்துக்கொள்ளும்படி எனக்குப் புத்தி சொன்னவர்கள் எல்லோரும் பரம்பரையாகப் படித்த வீட்டுக்காரர்கள்.

நைனாவும் அம்மாவும் பெரும்பாலும் ஒரே ஆளின் வயலில்தான் கூலிக்குப் போனார்கள். தெருவில் அவரைப் பம்புசெட்டுக்காரர் என்போம். மற்றவர்கள் மழையைப் பார்த்து உட்கார்ந்திருக்கும்போது அவருக்குக் கிணறும் மோட்டாரும் இருந்தன. அதனால் கோடையிலும் வள்ளிக்கிழங்கு போட்டு ஆனியில் தோண்டுவார். அவருடைய வயலை ஒட்டி ஒரு மணல்மேடு இருந்தது. புறம்போக்குதான், ஆனால் அவருடைய மாடுகள் மட்டும் மேயும். அந்த வருடம் சர்க்கார் அந்த மேட்டைத் துண்டு போட்டு நிலமில்லாதவர்களுக்குப் பட்டா கொடுத்தது. ஒரு துண்டு நைனா பெயருக்கு வந்தது.

அவ்வளவுதான் நாங்கள் செய்த குற்றம்.

மணலில் வேறென்ன வரும்? கிணறு இல்லாமல் வேர்க்கடலை போட நைனாவுக்குப் பயம். வள்ளிக்கிழங்கு என்றால் புரட்டாசி மழையில் கொடியை ஊன்றினால் போதும், தையில் தோண்டிவிடலாம். வைகாசியிலேயே மண்வெட்டியோடு போய் மண்ணைக் கூட்டி நீளநீளமாக மேடு பிடிக்க ஆரம்பித்துவிட்டார். கூலி வேலை முடிந்து, கருக்கலில், தன் நிலத்தில். அம்மா சோறு ஆறுகிறது என்று ஆள் அனுப்புவாள். வரமாட்டார்.

ஆனியில் பம்புசெட்டுக்காரர் வயலில் கிழங்கு தோண்டினார்கள். என் பெற்றோர் இருவரும் தோண்டினார்கள். தோண்டினவர்களுக்கு மண்வெட்டி பட்ட கிழங்கும் பொடிக்கிழங்கும் கூலியோடு உண்டு. சாயங்காலம் எல்லோரும் கூலிக்கு நின்றுகொண்டிருந்தபோது நைனா துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, நடவுக்குக் கொடி கொஞ்சம் வேண்டும் என்று கேட்டிருக்கிறார். புரட்டாசி மழைவரை ஒரு ஓரமாக ஊன்றி, குடத்தில் தண்ணீர் ஊற்றிக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்பது அவர் கணக்கு. கொடி அவர் காலடியில் மலையாகக் கிடந்தது. அதை அறுத்தவரே நைனாதான்.

பம்புசெட்டுக்காரர் மாட்டுக்கே பத்தாது என்றாராம். நைனா போகாமல் நின்றிருக்கிறார். அப்போதுதான் அவர் சொன்னார், அம்மா அதை வீட்டுக்கு வந்து எனக்கு அப்படியே சொன்னாள்:

“உன் பொண்ணுதான் காலேஜுக்குப் போய்கினு கீதே, அதாண்ட கேளு. பொஸ்தவத்துக்குள்ள இருந்து கொடி புடுங்கித் தரும்.”

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். எங்கள் தெருக்காரர்களும்தான். கூலி இன்னும் கைக்கு வரவில்லை, சிரிக்காமல் என்ன செய்வார்கள் என்றாள் அம்மா. அந்த நியாயம் எனக்குப் புரிந்தது. பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பஸ் ஜன்னலில் இருந்து பார்த்தேன். கால்வாய் ஓரத்தில், தண்ணீரில் பாதி மூழ்கி, அத்தனை கொடியும் பச்சையாகக் கிடந்தது. மாட்டுக்குப் பத்தாத கொடி. டிராக்டரில் ஏற்றிக்கொண்டு வந்து கொட்டியிருந்தார்கள். எங்கள் கால்வாயில் இருப்பது கடல் ஏறுகிற உப்புத் தண்ணீர். அதில் ஒரு ராத்திரி கிடந்த கொடியை எடுத்து நட்டால் பிழைக்காது. அது தெரிந்துதான் அங்கே கொட்டினார்.

வேறு ஊரில் கேட்க வேண்டியதுதானே என்று தோன்றும். ஆனியில் கொடி வைத்திருப்பவர் கிணறு வைத்திருப்பவர். கிணறு வைத்திருப்பவர்கள் ஒருவருக்கொருவர் பங்காளி, இல்லாவிட்டால் சம்பந்தி. நைனா இரண்டு ஊர் போய்ப் பார்த்தார். அவருக்கு முன்பே சேதி போய்விட்டிருந்தது.

கொடி தரமாட்டார். ஆனால் கூலிக் கிழங்கு கொடுத்திருந்தாரே? எங்கள் வீட்டு மூலையில் கூடையில் அது இருந்தது. கல்லூரியில் வேர்நுனி பார்ப்பதற்காக வெங்காயத்தைக் குப்பி வாயில் உட்கார வைத்து வேர் விட வைப்போம். வெங்காயம் விடும் என்றால் இதுவும் விடும். கொடி வந்தால் கிள்ளி நடலாம். அம்மாவிடம் சொன்னபோது, கிழங்கு முளைக்கும் என்று தனக்குத் தெரியாதா என்று கோபித்துக்கொண்டாள். வயலில் விட்டுப்போன கிழங்கு முளைப்பதை அவள் பார்த்தவள்தான். ஆனால் தின்கிற பண்டத்தை எடுத்து யாராவது மண்ணில் புதைப்பார்களா, கொடி சும்மா கிடைக்கிற ஊரில்?

வெளியே வைக்க முடியாது. எங்கள் தெருவில் ஆடு தின்னாதது சிமெண்ட் ஒன்றுதான். பம்புசெட்டுக்காரர் ஆட்கள் கண்ணில் படுவதையும் நான் விரும்பவில்லை. எங்களுடையது சர்க்கார் கட்டிக்கொடுத்த தொகுப்பு வீடு: ஓர் அறை, ஒரு ஜன்னல். ஜன்னல் கிழக்கே பார்த்தது. அதன் விளிம்பில் பலகை போட்டேன். பாட்டில் மாமல்லபுரத்தில் கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துக் காயலான் கடையில், லாட்ஜுகளில் வெள்ளைக்காரர்கள் தின்று போட்ட ஜாம் பாட்டில்கள் குவிந்து கிடக்கும். ஒரு பை நிறைய வாங்கிவந்து சாம்பல் போட்டுக் கழுவினேன். வெட்டுப்படாத கிழங்காகப் பொறுக்கி, துடைப்பக் குச்சியைக் குறுக்கே குத்தி, பாதி தண்ணீரில் நிற்கும்படி தொங்கவிட்டேன். கொடியிலிருந்து அறுபட்ட முனை மேலே.

அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு பார்த்தாள்.

“கெழங்கு இன்னா மீனா, பாட்டில்ல வுட்டு வேடிக்க பாக்கறதுக்கு?”

அவளுக்கு வேறு வழி தெரிந்திருந்தது. விதைநெல்லை முளைகட்டுவது எப்படி என்று அவளிடம் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள்: ஊறப்போடு, ஈரச் சாக்கில் இறுக்கிக் கட்டு, மேலே கல்லை ஏற்று. நெல் அப்படித்தான் முளைக்கும், எனவே கிழங்கும் அப்படித்தான் முளைக்கும். மீதிக் கிழங்கை, மண்வெட்டி பட்டதையும் சேர்த்து, அண்டாவில் ஊறவைத்து, சாக்கில் கட்டி, கட்டிலுக்கு அடியில் தள்ளி, அம்மிக்கல்லைத் தூக்கி மேலே வைத்தாள். நான் தடுத்தேன். நாற்று நட எனக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது. யாருடையது முதலில் முளைக்கிறது பார்ப்போம் என்று இருவருக்கும் பந்தயம்.

நைனா எங்கள் பந்தயத்தில் கலந்துகொள்ளவில்லை. அவர் பிடித்து வைத்த மேடுகள் வெறுமையாகக் கிடந்தன. காற்றில் மணல் சரியச் சரியத் தினமும் போய்க் கையால் அணைத்துவிட்டு வந்தார். வழியில் போகிறவர்களுக்கு அது பொழுதுபோக்காகிவிட்டது.

“இன்னா அண்ணாத்த, வரிசையா யாரப் பொதச்சி வெச்சிகீற?”

நைனா மணலை அணைத்து முடித்துவிட்டுத்தான் கிளம்புவார். வீட்டுக்கு வந்ததும் நேராக ஜன்னலுக்குப் போய் பாட்டில் பாட்டிலாகக் குனிந்து பார்ப்பார். முதலில் வேர்தான் வந்தது, வெள்ளை நூலாக. பிறகு மேலே செக்கச்செவேலென்று ஊசிமுனை மாதிரிக் கண்கள். ஒரு காலையில் அவை இலையாக விரிந்திருந்தன. நைனா என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். ஜன்னல் வெளிச்சம் பட்டு இலைக்காம்பு ஊதாவாகத் தெரிந்தது. பந்தயத்தில் நான் ஜெயித்துவிட்டேன். ஏனென்றால் கட்டிலுக்கு அடியில் இருந்து வேறொரு வாசனை கிளம்பியிருந்தது.

நெல்லுக்குப் புழுக்கம் வேண்டும். கிழங்குக்கு அது ஆகாது. வெட்டுப்பட்ட வாய்கள் வழியாகச் சாக்கு முழுவதும் அழுகி, புளித்து, நுரைத்துக்கொண்டிருந்தது. அம்மாவுக்கு அதைத் தூக்கி எறிய மனம் இல்லை. உள்ளே ஒன்றிரண்டாவது முளைத்திருக்கும் என்று இன்னொரு நாள், இன்னொரு நாள் என்று தள்ளினாள். தெருவில் நடந்தாலே வாசனை மூக்கில் ஏறியது. சாராயம் காய்ச்சுவதற்கு வெல்லமும் பட்டையும் போட்டு ஊறல் வைப்பார்களே, அச்சு அசலாக அந்த வாசனை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை மதுவிலக்குப் போலீஸ் வந்தது. ஒரு ஏட்டு, ஒரு இளம் கான்ஸ்டபிள். எங்கள் தெருவுக்கு அவர்கள் வருவது புதிதில்லை. எங்கே சாராயம் பிடிபட்டாலும் அடுத்ததாக எங்கள் தெருவுக்குத்தான் வருவார்கள். ஆனால் அன்று எந்த வீட்டையும் தட்டாமல் நேராக எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். எப்படித் தெரியும் என்று அம்மா கேட்டாள். ஊரில் பெரிய மனுஷர் சொல்லாமலா வந்தோம் என்றார் ஏட்டு. அந்தப் பெரிய மனுஷர் யார் என்று அவர் சொல்லவும் இல்லை, நாங்கள் கேட்கவும் இல்லை.

சாக்கை இழுத்து வாசலில் போட்டுப் பிரித்தார்கள். கறுப்பாகக் கூழ் ஓடியது. கிழங்கு என்று அம்மா சொன்னாள். கிழங்கிலும் ஊறல் போடுவார்கள் என்று தனக்குத் தெரியாதா என்றார் ஏட்டு. அப்புறம் உள்ளே நுழைந்தார். செருப்போடு. ஜன்னலில் வரிசையாக நிற்கிற பாட்டில்களைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

“இது இன்னா சரக்கு?”

நான் சொன்னேன். வள்ளிக்கிழங்கு, நடவுக்காகக் கொடி விடவைக்கிறேன், உள்ளே இருப்பது வெறும் தண்ணீர், கல்லூரியில் தாவரவியல் படிக்கிறேன். கண்ணெதிரில் இலை ஆடிக்கொண்டிருந்தது.

“கொடி வேணும்னா ஊருல கேட்டு வாங்கறது. எவனாச்சும் வூட்டுக்குள்ள பாட்டில் வெச்சிப் பயிர் பண்ணுவானா? யாராண்ட கத வுடற?”

ஊரில் கேட்டு வாங்குவது! கேட்டோம் என்று நான் சொல்வதற்குள் கான்ஸ்டபிள் முதல் பாட்டிலை எடுத்து முகர்ந்தார். சாக்கு நாற்றம் அந்த அறை முழுவதும் இருந்தது, எதை முகர்ந்தாலும் அந்த நாற்றம்தான் வரும். பாட்டிலை வாசலில் கவிழ்த்தார். கிழங்கு உருண்டது. அடுத்ததையும் கவிழ்த்தார். வாசலில் காத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆடு ஒரு துளிரை இழுத்து மென்றுகொண்டே போனது. மூன்றாவதற்குக் கை நீண்டபோது நான் அதை முந்திக்கொண்டு எடுத்து, கிழங்கை வெளியே பிடித்துக்கொண்டு, பாட்டில் தண்ணீரை ஏட்டுக்கு எதிரில் நின்று குடித்தேன். முழுவதும். பாசி வாடை அடித்தது. வேர் ஒன்று நாக்கில் ஒட்டியது.

“குடிச்சிட்டேன். ஊதிக் காட்டட்டா?”

ஏட்டு ஒரு அடி பின்னால் போனார். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். வாசலில் கூடியிருந்த கூட்டத்தில் யாரோ, “ஊதச் சொல்லு சார், பொண்ணு காலேஜு” என்றார்கள். இந்தத் தடவை சிரிப்பு எங்கள் பக்கம் இருந்தது. ஆனால் சிரிப்பு போலீஸை என்ன செய்யும்? போகிறபோது கான்ஸ்டபிள் பலகையில் கை வைத்து ஒரு தள்ளு தள்ளினார். அவ்வளவு பாட்டிலும் சிமெண்ட் தரையில் விழுந்தது. நைனாவை விசாரணை என்று அழைத்துக்கொண்டு போய், சாயங்காலம்வரை ஸ்டேஷன் வாசலில் உட்கார வைத்து, ஒன்றும் எழுதாமல் ஒன்றும் கேட்காமல் அனுப்பிவிட்டார்கள். நான் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றேன். இருக்கிறதைக் காப்பாற்று என்று மட்டும் நைனா சொன்னார்.

அம்மா அதற்குள் வேலையை ஆரம்பித்திருந்தாள். கண்ணாடிச் சில்லுக்கு நடுவிலிருந்து ஒடிந்த துளிர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி, ஓட்டை விழுந்த அலுமினிய அன்னக்கூடையில் மணலைக் கொட்டி ஊன்றினாள். கிழங்குகளைத் துடைத்து, பாட்டிலுக்குப் பதிலாகச் சட்டி, சொம்பு, சோப்பு டப்பி என்று கிடைத்ததில் எல்லாம் நிற்க வைத்தோம். எங்களுக்குக் குடிக்கச் சொம்பு இல்லாமல் போயிற்று. ஒடிந்த துளிர்களில் பாதி பிழைத்தது. கிழங்கிலிருந்து திரும்பத் துளிர்த்தது. ஆவணி முழுக்க எங்கள் வீட்டுக்குள் நடக்க இடம் இல்லை. ஜன்னல் கம்பியிலும் கொடிக் கயிற்றிலும் கட்டில் காலிலும் கொடி ஏறியது. நான் அதற்கு நடுவில் உட்கார்ந்து பரீட்சைக்குப் படித்தேன்.

புரட்டாசியில் மழை விழுந்தது. அறுத்து, முழம் முழமாக வெட்டித் தரையில் பரப்பிப் பார்த்தோம். நைனா பிடித்து வைத்திருந்த மேடுகளில் இரண்டுக்குத்தான் அது போதும்.

அன்று என் பெற்றோருக்குள் நடந்த சண்டைபோல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இரண்டு மேட்டில் நெருக்கமாக நட்டால் ஒழுங்காகக் கிழங்கு பிடிக்கும், மீதியை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம் என்றாள் அம்மா. பயிர் தெரிந்தவள் பேசுகிற பேச்சு. நைனா முடியாது என்றார். எல்லா மேட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாவது நட வேண்டும், ஒரு மேடுகூட வெறுமையாக இருக்கக் கூடாது.

“அவன் பம்புசெட்டாண்ட நின்னு பாத்தா, எந்தப் பக்கம் பாத்தாலும் பச்ச தெரியணும்.”

வயிறு பச்சையைப் பார்த்தால் நிறையுமா என்று அம்மா கேட்டாள். என்னைப் பார்த்து, நீ படிச்சவ, நீ சொல்லு என்றாள். தாவரவியல்படி அம்மா சொன்னதுதான் சரி. நான் நைனா பக்கம் நின்றேன். அதற்காக நான் வருத்தப்பட்டதே இல்லை. எட்டுக் கொடி நடுகிற இடத்தில் ஒன்று, பத்து நடுகிற இடத்தில் ஒன்று என்று இடைவெளி விட்டு, எங்கள் துண்டு முழுவதும் மழையில் நனைந்துகொண்டே நட்டோம். அம்மாவும் நட்டாள், திட்டிக்கொண்டே. பம்புசெட்டுக்காரர் குடையோடு மோட்டார் கொட்டகை வாசலில் வந்து நின்றார். நைனா தலை நிமிரவில்லை. அவர் போகும்வரை நிதானமாக ஒரே கொடியை நட்டுக்கொண்டிருந்தார்.

பிற்பாடு சிறுசேரியில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, பக்கத்து மேஜைப் பெண் கண்ணாடிக் குவளையில் வள்ளிக்கிழங்கு வைத்துக் கொடி விட்டாள், அழகுக்காக. வந்து போகிறவர்கள் எல்லாம் என்ன செடி என்று கேட்டார்கள். ஒருநாள் டீ வேளையில் இந்தக் கதையை அவளிடம் சொன்னேன். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. எவ்வளவு உத்வேகம் தருகிறது என்றாள். சுற்றி இருந்தவர்களும் சொன்னார்கள். போராட்டம், சாதனை, தன்னம்பிக்கை என்று என்னென்னவோ. எனக்கு அவர்கள்மீது வந்த எரிச்சல் ஏட்டுமீது வந்ததற்குக் குறைந்ததில்லை. எதற்குச் சாதனை? ஊரில் எல்லோரும் வாயால் கேட்டு வாங்குகிற ஒன்றை நாங்கள் மட்டும் வீட்டுக்குள் சொம்பில் வளர்க்க வேண்டியிருந்தது. அழுகின கிழங்குக்காக ஒரு மனிதன் ஸ்டேஷன் வாசலில் வெயிலில் உட்கார்ந்திருந்தான். இதில் பாராட்ட என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவ்வளவு இடைவெளி விட்டு நட்டால் கிழங்கு எப்படிப் பிடிக்கும்? பச்சை தெரிந்தது. மார்கழியில் எங்கள் துண்டில் கொடி பரவாத மேடே இல்லை. ஆனால் வெற்றிடத்தில் ஓடின கொடி படிந்த இடமெல்லாம் வேர் விட்டிருந்தது; பொங்கலன்று தோண்டினபோது பல இடங்களில் அந்த வேர் மட்டும் பருத்து வந்தது. ஒரு வருட நிலம், மூன்று பேருடைய உழைப்பு, அத்தனையும் சேர்த்து ஒரே பானையில் அடங்கியது. அம்மா குத்திக்காட்டவில்லை. உப்புப் போட்டு வேகவைத்து மூடியைத் திறந்தாள். நைனா ஒன்றை எடுத்து, சூட்டில் கைமாற்றிக் கைமாற்றி, தோலோடு தின்றார். நம் நிலத்துக் கிழங்கு, இன்னா இனிப்பு என்றார். இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள்.

இனிப்பாகத்தான் இருந்தது. எனக்கு அது போதவில்லை. அந்த நிலத்துக்கு ஏழெட்டு மூட்டை வந்திருக்க வேண்டும் என்று சொன்னேன். பொங்கலன்று அந்தப் பேச்சு எதற்கு என்றாள் அம்மா. நான் திரும்பவும் சொன்னேன்.